சாஞ்சதா, நேரா?

தினேஷ்,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் நடுவில் புகுந்து பேச உனக்கு வழியில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்து சிரிக்காதே. நர்ஸ் வேலை பார்ப்பவளின் கையெழுத்து, அதுவும் அவசரத்தில் எழுதிப் பழகியது, இவ்வளவுதான் வரும். நித்யாவிடமும் காட்டு. தை மாதம் உன் கையைப் பிடிக்கப்போகிறவள் அவள், அவளுக்குத் தெரியாமல் நமக்குள் ஒரு பேச்சு இனிமேல் வேண்டாம். உன் அப்பாவிடம் மட்டும் காட்டாதே. ஏன் என்று படிக்கப் படிக்கப் புரியும்.

ஆவணியில் உன் நிச்சயதார்த்தத்துக்கு நீயே அழைப்பிதழ் செய்து அனுப்பினாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். ஏதோ ஒரு பத்திரிகையின் தலைப்புகளுக்காக நீ உருவாக்கிய எழுத்து. முதலில் இங்கிலீஷில் செய்தாய், பிறகு தமிழுக்கும் கொண்டுவந்தாய். எல்லா எழுத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஓரிடத்தில் கனத்து, அடுத்த இடத்தில் மயிரிழையாக மெலிந்து, முடிகிற இடத்தில் ஒரு சின்ன வளைவோடு நின்றது. நம் வீட்டு ஆட்களின் பேர்களா இவை என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் பேரை அப்படி ஒரு அழகில் நான் பார்த்ததே இல்லை. உன் அப்பா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நம்ப புள்ள, நம்ப நைனா எழுத்து இது. கடையில வாங்குனது இல்ல. அவனே பண்ணது," என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். மணவாள நகரில் பால் போட வருகிறவர் வரைக்கும் அந்த அட்டையைப் பார்த்தாயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்யும் கெமிக்கல் கம்பெனியில் சின்ன முதலாளிக்கு அழைப்பு வைக்க நானும் அப்பாவும் தட்டில் வெற்றிலை பாக்கோடு போனோம். அவர் தட்டை வாங்கிக்கொள்வதற்கு முன்பே அட்டையை வாங்கிவிட்டார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "யார் சிஸ்டர் இந்த ஃபான்ட் பண்ணது?" என்றார். எனக்கு அப்போது இருந்த பெருமையில் கால் தரையில் இல்லை. மறு வாரமே உன்னைக் கூப்பிட்டுப் பேசினார். கம்பெனியின் பெயர்ப் பலகை, பில், பை, வேன், கடைசியில் டிரம்களின் லேபிள் வரைக்கும் எல்லாவற்றையும் உன் எழுத்திலேயே மாற்றச் சொன்னார். நீ வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்த பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை அது. திருவாலங்காட்டில் நித்யாவின் அப்பா "பையனுக்கு நிலையா ஒண்ணும் இல்லியே" என்று இழுத்துக்கொண்டிருந்தவர், இதைக் கேட்ட பிறகுதான் முகம் மலர்ந்து தேதி குறித்தார். இதெல்லாம் எனக்கு மறந்துவிடவில்லை. மறக்காமல்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியாது. கும்மிடிப்பூண்டிக்கு அம்மா வேனில் போவாள், வேனில் வருவாள், புடவையில் ஒரு நெடி அடிக்கும், அவ்வளவுதான் தெரியும். முதலுதவி அறை கேட்டுக்கு உள்ளே, டிரம்கள் இறக்கும் முற்றத்துக்கு எதிரில் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, வாசலிலேயே பெரிய ஷவர். யாராவது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சாஞ்சதா, நேரா?" பேர் கேட்பதில்லை, எந்த செக்ஷன் என்று கேட்பதில்லை. வலியில் இருக்கிறவனுக்குக் கெமிக்கல் பேரெல்லாம் வாயில் வராது, அதிலும் பாதிப் பேருக்கு அந்தப் பேரைப் படிக்கவே தெரியாது. ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. ஆனால் "சாஞ்சதா, நேரா?" என்பது மட்டும் அவர்களுக்கும் தெரியும். நேரா என்றால் அப்படியே ஷவருக்குக் கீழே தள்ளுவேன். சாஞ்சது என்றால் தண்ணீரைக் கிட்டவே விடமாட்டேன். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, துளி விடாமல் எடுத்த பிறகுதான் ஷவரை முழுசாகத் திறப்பேன்.

இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. இது வந்த கதை, முற்றத்தில் டிரம் கழுவிக்கொண்டிருந்த ஏழுமலையின் கதை. நான் அங்கே சேர்ந்த புதிதில், வெளியூரிலிருந்து ஒரு சரக்கு வாங்கினார்கள். தண்ணீர் பட்டால் சீறும், கொதிக்கும், வெள்ளைப் புகையாக எழும்பி நெஞ்சை அடைக்கும். டிரம்கள் வந்தால் தூசி போக ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவி உள்ளே தள்ளுவதுதான் அங்கே பழக்கம். ஏழுமலை அன்றைக்கும் அப்படித்தான் கழுவினார். ஒரு டிரம்மின் மூடி தளர்ந்திருந்தது. கையில் பட்டது எரிச்சலாக இருக்கவே, எல்லோரும் செய்வதுபோல் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயில் கையை நீட்டினார். அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்கு இப்போது இரண்டு விரல்தான் மடங்கும். கேட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறார், அந்த இரண்டு விரலால்தான் கிளாஸை நீட்டுவார். அதன் பிறகு ஆட்களே கூடிப் பேசி ஒரு அடையாளம் கண்டுபிடித்தார்கள். முற்றத்தில் இருக்கும் அத்தனை டிரம்களிலும் எழுத்து நேராக நிற்கிறது, இந்த ஒரு சரக்கின் டிரம்மில் மட்டும்தான் அதை விற்ற வெளியூர்க்காரன் தன் கம்பெனிப் பேரைச் சாய்த்து எழுதியிருக்கிறான். அவ்வளவுதான். சாய்ந்ததைக் கழுவாதே, சாய்ந்தது தண்ணீர் ஏறாத உயர மேடைக்கு. நேரானது கழுவு, நேரானது கீழ்க் கொட்டாய்க்கு. கீழ்க் கொட்டாய் கால்வாய் ஓரம் இருக்கிறது, மழை வந்தால் அங்கே முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். மேனேஜர்கள் மாறினார்கள், ஆட்கள் மாறினார்கள், இது மாறவில்லை. புதிதாக வருகிறவனுக்குப் பழைய ஆள் முதல் நாளே சொல்லிவிடுவான். மேலே இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

இனி உன் அப்பாவைப் பற்றி. அவர் அங்கே ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறார் என்று உனக்குத் தெரியும். டிரம்மை லாரியிலிருந்து எடுத்து மேடையிலோ கொட்டாயிலோ வைப்பது அவர்தான். பள்ளிப்பட்டுப் பக்கம் அவர் போன பள்ளிக்கூடம் அரைகுறை. தெலுங்கு கொஞ்சம், தமிழ் கொஞ்சம் என்று இரண்டிலும் முழுசாகக் கரையேறவில்லை. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இங்கிலீஷ் சுத்தமாக வராது. உன் ரிப்போர்ட் கார்டை அவர் எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு "நல்லா கீது" என்று கையெழுத்துப் போடுவார், நினைவிருக்கிறதா? மார்க் குறைந்த அன்றைக்கும் "நல்லா கீது"தான். நீ அப்பா ரொம்ப நல்லவர் என்று நினைத்துக்கொண்டாய். நல்லவர்தான், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்று இத்தனை வருஷம் என்னைக் கட்டிப்போட்டிருந்தார். இத்தனை வருஷமும் அவர் ஒரு டிரம்மைக்கூட மாற்றி வைத்ததில்லை, அது படித்ததால் அல்ல, சாய்ந்திருக்கிறதா நிற்கிறதா என்று பார்த்ததால். இப்போது கண்ணும் மங்கிவிட்டது. கண்ணாடி போட்டால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அதையும் போடுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து வாங்கிய அந்தச் சரக்கை இப்போது கம்பெனியே இன்னொரு இடத்தில் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. அதோடு மற்ற சரக்கும் அங்கிருந்தே வருகிறது. எல்லா டிரம்மும் ஒரே நீலம். எல்லாவற்றிலும் ஒரே லேபிள். எல்லா லேபிளிலும் உன் இங்கிலீஷ் எழுத்து, அத்தனையும் சாய்ந்த எழுத்து. போன வாரம் மாதிரிக்கு அச்சடித்த லேபிளோடு நாளுக்கு ஒரு லாரி வந்தது. முதல் லாரி வந்தபோது நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். தார்ப்பாயை உருவியதும் வெயிலில் உன் எழுத்து வரிசை வரிசையாகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது தினேஷ், சந்தோஷத்தில்தான். பத்திரிகைக்காரர்கள் மேஜையில் வைத்துப் பார்க்கிற எழுத்து, என் மகன் எழுத்து, கும்மிடிப்பூண்டியில் லாரியில் வந்து இறங்குகிறது. கேள்வி கேட்டுக் கேட்டே பழகிய எனக்கு அந்த நிமிஷம் ஒன்றும் தோன்றவில்லை. உன் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு டிரம்மைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். எல்லாம் சாய்ந்திருந்ததால் எல்லாவற்றையும் மேடையில் கொண்டுபோய் அடுக்கினார்.

மேடை சீக்கிரம் நிறைந்துவிட்டது. சூபர்வைசர் ஓடி வந்து சத்தம் போட்டார். "இன்னா பெரியவரே, எல்லாத்தையும் மேல ஏத்திகினு கீற? படிச்சிப் பாத்து வெக்க மாட்டியா?" என்றார். உன் அப்பா சிரித்து மழுப்பினார். அன்றைக்கு முழுவதும் ஒவ்வொரு டிரம்முக்கும் யாரையாவது கூப்பிட்டு, "இது இன்னா சரக்குன்னு பாரு நைனா, கண்ணு கூசுது" என்று கேட்டுக் கேட்டு வைத்தார். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாள் கேட்பதை விட்டுவிட்டார். யார்தான் எத்தனை தரம் கேட்பார்கள்? கழுவுகிற பையன்களும் முதல் நாள் எதையும் கழுவாமல் நின்றார்கள். திட்டு விழுந்தது. மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் கழுவினார்கள்.

இரண்டு நாளைக்கு முன் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து, கீழ்க் கொட்டாய்ப் பக்கம் இருக்கும் கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனேன். காலையில் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. தரை ஈரம். கால்வாய் ஓரத்தில் கடைசி டிரம்மின் லேபிளைச் சும்மா, உன் எழுத்தைப் பார்க்கும் ஆசையில்தான், குனிந்து படித்தேன். அந்தச் சரக்கு. தண்ணீரே ஆகாத சரக்கு. அதன் அடிப்பக்கம் ஈரத்தில் உட்கார்ந்திருந்தது. மூடி இறுக்கமாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அங்கே அதைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த முற்றத்தில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறவர் ஒருவர்தான்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துப் போய்விட்டது. உடனே வண்டியை எடுத்துவந்து அதை மேடைக்கு மாற்றினார். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று, "பையன் கிட்ட சொல்லாதடி. அவன் பேஜாராயிடுவான். கல்யாணம் வந்துகினு கீது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "எனக்குத்தான் கவனம் பத்தல. இனிமே பாத்து வெக்கிறேன்." எதைப் பார்த்து வைப்பார்? சாயங்காலம் வேனுக்குக் காத்திருந்தபோது ஏழுமலை டீ கொடுத்துக்கொண்டே, "சிஸ்டர், எல்லாமே சாஞ்சிகினு வருதாமே, மெய்யாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மடங்குகிற அந்த இரண்டு விரலால் கிளாஸைத் துடைத்துக்கொண்டே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் சின்ன முதலாளியைப் பார்த்தேன். உட்கார வைத்து மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் நான் சொன்னது அவருக்கு ஏதோ தமாஷாகப் பட்டிருக்க வேண்டும். "சிஸ்டர், எழுத்து சாய்ஞ்சிருக்கிறத பாத்தா சரக்கு எடுத்து வெக்கிறாங்க? லேபிள்ல சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கைப் படம் இருக்கே" என்றார். அந்தப் படம் எல்லா டிரம்மிலும்தான் இருக்கிறது ஐயா, அங்கே வருகிற சரக்கு எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் ஆபத்தானதுதான், எல்லா டிரம்மிலும் சிவப்புக் கட்டம் என்றால் யார் கண் அதில் நிற்கும் என்று கேட்டேன். "ட்ரெயினிங் குடுத்துடலாம்" என்றார். ஒருவேளை கொடுப்பார், தை மாசியில் கொடுப்பார். மழை அதுவரை காத்திருக்குமா? கடைசியில் எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பி, "உங்க பையன் ஒர்க்கு சிஸ்டர், நீங்களே குறை சொல்றீங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அப்படி எனக்கு அங்கே எதற்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை, என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, அது லோடிங்ல இருக்கிற பிரச்சினை. ஃபான்ட்ல பிரச்சினை இல்ல." பக்கத்தில் யாரோ உன்னைக் கூப்பிடுவது கேட்டது, நீ வைத்துவிட்டாய். சொன்னது தப்பில்லை என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் ஒரு குறையும் இல்லை, எனக்கே தெரியும். நீ இந்த எழுத்தைச் செய்துகொண்டிருந்த காலத்தில் லீவுக்கு வரும்போதெல்லாம் தாளைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "எங்கேம்மா இடிக்குது, சொல்லு" என்று உயிரை எடுப்பாய். சோறு வடித்துக்கொண்டிருந்தாலும் விடமாட்டாய். ஒரு நாள் "இந்தக் கோடு இவ்ளோ மெல்லிசா கீதேடா, கண்ணுக்கே தெரியல" என்றேன். நீ கோபித்துக்கொண்டாய். "இது கிட்ட வெச்சு, நிதானமா உக்காந்து படிக்கிறவங்களுக்கும்மா" என்றாய். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறானே என்று நினைத்தேன். இப்போது அதே பேச்சை உன்னிடம் திருப்பிக் கேட்கிறேன். கும்மிடிப்பூண்டி முற்றத்தில் கிட்ட வைத்து, நிதானமாக உட்கார்ந்து படிக்கிறவர் யார்? ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, பின்பக்கமாக வண்டியை ஓட்டிக்கொண்டு, தலையைத் திருப்பி ஒரு நொடி பார்க்கிறவர் உன் அப்பா. அவரை மனதில் வைத்து நீ ஒரு கோடும் இழுக்கவில்லை. பத்திரிகைக்கு இழுக்கும்போது அது குற்றமில்லை. டிரம்முக்கு அனுப்பும்போது குற்றம்.

நீ கெட்டவன் என்று சொல்லவில்லையடா. உனக்குத் தெரியாது. தெரிவதற்கு வழியுமில்லை. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு "என் வேலை இதோடு முடிந்தது" என்று சொல்கிறவனாக என் மகன் இருக்கக்கூடாது. பெரிய உபதேசமெல்லாம் எனக்கு வராது. என்னிடம் வரும் ஆட்களில் பாதிப் பேர் யாரோ ஒருவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்து முடித்துவிட்டுப் போன இடத்தில் அடிபட்டவர்கள். வெல்டிங் வைத்தவன் நன்றாக வைத்தான், ஏணி சாத்தியவன் நன்றாகச் சாத்தினான், ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வாழ்க்கைக்கும் இதையே அறிவுரையாக எடுத்துக்கொள். நித்யா எந்தப் பக்கம் நின்று பார்க்கிறாள் என்று கேட்காமல் நீ எவ்வளவு அழகாக எதைச் செய்து கொடுத்தாலும் அது அவள் காலில்தான் இடிக்கும்.

நீ செய்ய வேண்டியது இது. இந்த வாரக் கடைசியில் லேபிளுக்கு நீ "சரி" என்று எழுதி அனுப்ப வேண்டும் என்றும், நீ அனுப்பினால்தான் லேபிள் அச்சடிக்கும் மெஷின் ஓடும் என்றும் ஆபீசில் இருக்கும் பெண் சொன்னாள். அனுப்பாதே. பெயர்ப் பலகை வேண்டுமா, பை வேண்டுமா, வேன் வேண்டுமா, எல்லாவற்றிலும் உன் எழுத்து இருக்கட்டும், நான் தினமும் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன். டிரம்மில் மட்டும் வேண்டாம். அந்த ஒரே ஒரு சரக்கைச் சாய்ந்த எழுத்தில் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றுக்கும் நேராக நிற்கிற எழுத்து கொடு. அழகாக இல்லாவிட்டால் போகட்டும், கட்டையாகத் தடித்து நிற்கட்டும். உன்னிடம் நேர் எழுத்து இன்னும் தயாராக இல்லை என்றும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றும் நீ சொல்வாய். கடையில் கிடைக்கும் எழுத்தைப் போடச் சொல். அப்படிச் சொன்னால் சின்ன முதலாளி கோபித்துக்கொண்டு மொத்த வேலையையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். திருவாலங்காட்டுக்காரர் முகத்தை மறுபடி தொங்கப் போடலாம். அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன். நித்யா, இதைப் படிக்கிறாய் என்றால் உன்னிடமும் சேர்த்தே கேட்கிறேன். உன் அப்பாவிடம் நான் வந்து பேசுகிறேன், தேவைப்பட்டால் காலில் விழுகிறேன், எனக்கு அதில் வெட்கமில்லை.

அடுத்த வாரம் முதல் பெரிய லோடு வருகிறது. ரேடியோவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழவேற்காட்டுப் பக்கம் படகையெல்லாம் கரையேற்றிவிட்டார்களாம், மீன் கொண்டுவருகிற பாய் காலையில் சொன்னார். கம்பெனிக் கால்வாயை இந்த வருஷம் தூர் வாரவில்லை. உன் அப்பாவை அன்றைக்கு லீவு போடச் சொன்னேன், கெஞ்சினேன். கேட்கவில்லை. "என் புள்ள எழுத்து மொத்தமா வந்து எறங்குது. நான் ஊட்ல குந்திகினு இருப்பனா?" என்கிறார். முதல் டிரம்மை அவர்தான் இறக்க வேண்டும் என்று சூபர்வைசரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். முற்றத்தில் எல்லோருக்கும் கொடுக்க மைசூர்பாகு சொல்லி வைத்திருக்கிறார். யூனிஃபார்மைத் தோய்த்து, இஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், நான் இதை எழுதும்போதும் அது எதிரில் தொங்குகிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நேற்று மனசு கேட்காமல் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். எல்லாம் சாய்ந்து வந்தால் எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பாய், உனக்குப் பயமாக இல்லையா என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து உன் நிச்சயதார்த்த அட்டையை எடுத்தார். ஆவணியிலிருந்து அதைப் பையிலேயே வைத்திருக்கிறார், ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது. விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே, "எல்லாம் நம்ப நைனா எழுத்துடி. அது நம்பள இன்னா பண்ணிடும்?" என்றார். நம்பித்தான் சொன்னார்.

அந்த லோடு வருகிற அன்றைக்கு நானும் அறையில்தான் இருப்பேன். உலர்ந்த துணி நிறைய மடித்து வைத்திருக்கிறேன். ஷவர் தொட்டியை நிரப்பி வைத்திருக்கிறேன். எது முதலில் வேண்டியிருக்கும் என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அந்த வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவர்களையெல்லாம் நான் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் காப்பாற்றியிருக்கிறேன். நீ "சரி" என்று அனுப்பிவிட்டால், அதற்கப்புறம் உன் அப்பாவே அப்படி வந்து நின்றாலும், அவரிடம் நான் என்ன கேட்பது? யோசித்துச் சொல்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அம்மா